உயிர்வேதியியலா, மூலக்கூறு உயிரியலா? கோத்தகிரி மாணவிக்கு ஒரு பதில்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியை, அதாவது படகர் ஊரைச் சேர்ந்த மாணவி எழுதியிருக்கிறார். கோவையில் விடுதியில் தங்கி வேதியியல் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு படிக்கிறார். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலைக்கு விலை கிடைத்த மாதம் வீட்டில் ஒரு பேச்சு, விலை விழுந்த மாதம் வேறு பேச்சு. எம்.எஸ்சி. படித்து, முடிந்தால் பிஎச்.டி. வரை போக ஆசைப்படுகிறார். அவர் கேட்பவை இவை. உயிர்வேதியியலில் சேர்வதா, மூலக்கூறு உயிரியலில் சேர்வதா? எந்தெந்தத் தேர்வுகளை எழுத வேண்டும்? தமிழ்வழியில், மலைப்பள்ளியில் படித்தவளால் பெரிய ஆய்வுக்கூடத்தில் தாக்குப்பிடிக்க முடியுமா? "இவ்வளவு படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கும் பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

நான் குன்னூரில் வளர்ந்தேன். ஊட்டியில் பி.எஸ்சி. முடித்துக் கீழே இறங்கி எம்.எஸ்சி., பிஎச்.டி. செய்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நொதிகளோடுதான் என் வேலை. அதனால் இந்தக் கேள்விகள் எனக்கு அந்நியமானவை அல்ல. என் வீட்டிலும் ஒரு பெரியப்பா இருந்தார்.

முதல் கேள்விக்கு நேராக வருகிறேன், அம்மா. இரண்டு பெயர்களுக்கு நடுவே தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். மதிப்பெண் பட்டியலில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது சேர்க்கை முடிந்த ஓராண்டில் யாருக்கும் நினைவிருக்காது. அந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் கை என்ன செய்யப் பழகியது, நீங்களாக ஒரு கேள்வியை எழுப்பி அதன் பின்னால் போகக் கற்றீர்களா என்பதுதான் கடைசிவரை கூட வரும். அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. வேறுபாட்டை விளக்க நம் மலையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தைச் சோதித்து, அரிவாள் செல் பண்பு, அதாவது அரிவாள் செல் என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமந்திருப்பது, தென்னிந்தியாவிலும் இருப்பதை வெளியிட்டார்கள். அதுவரை அது ஆப்பிரிக்க வம்சாவளியினரோடு மட்டும் சேர்த்துப் பேசப்பட்ட ஒன்று. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1949இல், அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும் இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். இயல்பான ஹீமோகுளோபின் போகிற வேகத்தில் அது போகவில்லை. மின்னூட்டம் மாறியிருக்கிறது, ஆக, புரதமே மாறியிருக்கிறது. ஒரு நோயின் காரணம் ஒரு மூலக்கூறில் இருக்கிறது என்று சுட்டிக்காட்டப்பட்டது அப்போதுதான். பிறகு வெர்னன் இங்கிராம் அந்தப் புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித் தாளில் பிரித்து ஒப்பிட்டார். ஒரே ஒரு துண்டு மட்டும் இடம் மாறி நின்றது. பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டியதற்குப் பதில் வாலின் இருந்தது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட பிறகு இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடு ஒன்று ஒட்டி நீண்ட இழைகளாகிறது. அந்த இழைகள் சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கின்றன. வளைந்த அணுக்கள் நுண்ணிய குழாய்களில் சிக்கிக்கொள்ள, உடம்பெங்கும் வலி. இதுவரை சொன்னது உயிர்வேதியியல். ஒரு மூலக்கூறு எப்படி இருக்கிறது, எதோடு ஒட்டுகிறது, எவ்வளவு வேகத்தில் என்ன செய்கிறது என்று அது கேட்கும்.

மூலக்கூறு உயிரியல் இதே கதையை வேறு முனையிலிருந்து பிடிக்கும். அந்தப் புரதத்துக்கான குறிப்பு டி.என்.ஏ.வில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அங்கே ஓர் எழுத்து, ஏ இருந்த இடத்தில் டி, மாறியிருக்கிறது. சரி, குழந்தை பிறந்த சில மாதங்கள்வரை இந்த நோய் ஏன் தலைகாட்டுவதில்லை? கருவில் இருக்கும்போது வேறு வகை ஹீமோகுளோபின் ஓடுகிறது. பிறந்த பிறகு அதன் மரபணு அடங்கிவிடுகிறது. அதை அடக்குவது எது? அந்த அடக்கும் கையைத் தளர்த்தினால் பழைய ஹீமோகுளோபின் திரும்பி வருமா? இந்தக் கேள்வியின் நீட்சிதான் 2023இன் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற கிரிஸ்பர் மரபணுத் திருத்தச் சிகிச்சை.

பார்த்தீர்களா, நோய் ஒன்றுதான், கேள்வி கேட்பவர் நிற்கும் இடம்தான் வேறு. உங்களுக்கு வேதியியலில் வினைவேகமும் வெப்ப இயக்கவியலும் பிடிக்கும் என்றால் உயிர்வேதியியலில் கால் ஊன்றுங்கள். தகவல் எப்படிப் படியெடுக்கப்படுகிறது, யார் அதற்குச் சாவி போடுகிறார்கள் என்பதில் மனம் போகிறது என்றால் மூலக்கூறு உயிரியல். எங்கே தொடங்கினாலும் சில ஆண்டுகளில் மற்றதைக் கற்றாக வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், வேதியியல் பட்டத்தோடு வருபவர் உயிர்வேதியியலில் சேர்வது நல்லது என்பேன். உயிரியல் மாணவர்கள் பலர் தடுமாறுகிற சமநிலை மாறிலி, அமில காரச் சமன், நிறமாலை எல்லாம் உங்களுக்குக் கைவந்தவை. மரபணு படியாக்கத்தைச் சில மாதங்களில் பிடித்துக்கொள்ளலாம். வினைவேகவியலைப் பின்னால் பிடிப்பது கடினம்.

வினைவேகவியல் என்றால் பயந்துவிடாதீர்கள். அதை நீங்கள் மூக்கால் அறிவீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா இலை போடுகிற தொழிற்சாலைக்குள் ஒருமுறை போய் நின்று பாருங்கள். வாடல் தொட்டியில் ஒரு ராத்திரி கிடந்து துவண்ட இலை, சி.டி.சி. உருளைகளுக்குள் போய் நசுங்கிக் கிழிந்து பச்சைத் தூளாக வெளியே விழும். கொழுந்தின் செல்லுக்குள் கேட்டச்சின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் ஓர் அறையில் இருக்கின்றன. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி இன்னோர் அறையில் இருக்கிறது. இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதே இல்லை. உருளை சுவர்களைக் கிழித்த அந்த நொடியில் இரண்டும் கலக்கின்றன, காற்றின் ஆக்சிஜனும் சேர்கிறது. பச்சை மங்கி, செம்பு நிறம் ஏறும். தொழிற்சாலையில் இதை ஃபெர்மெண்டேஷன் என்பார்கள். ஆனால் மாவு புளிப்பதைப் போல இங்கே நுண்ணுயிர் எதுவும் வேலை செய்வதில்லை, முழுக்க முழுக்க நொதியின் வேலை. அந்த நொதியின் மையத்திலேயே செம்பு அயனி உட்கார்ந்திருக்கிறது.

அங்கே நிற்கும் அனுபவசாலி ஒரு பிடி அள்ளி முகத்தருகே கொண்டுபோய் முகர்வார். பச்சை வாசனை போய்ப் பழ வாசனை வரும் கட்டம் ஒன்று உண்டு. அப்போது உலர்த்திக்குள் தள்ளிவிட வேண்டும். சூடு பட்டதும் நொதி செத்துவிடும், வினை நின்றுவிடும். முன்னாலேயே தள்ளினால் தேநீர் பச்சையடிக்கும். தாமதித்தால், இந்த வினையில் பிறந்து தேநீருக்குப் பளிச்சென்ற நிறம் தரும் தியாஃபிளேவின்கள் மேலும் மாறித் தியாருபிகின்களாகி, நிறம் கனத்து, உயிர்ப்பு போய்விடும். பச்சைத் தேநீர் செய்பவர்கள் தொடக்கத்திலேயே ஆவியிலோ சட்டியிலோ இலையைச் சூடாக்கி நொதியை முடித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். குளிர் மாதங்களில் ஏன் நேரம் அதிகம் பிடிக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை ஒரு வரைபடமாகப் போட்டால், எம்.எஸ்சி. முதல் பருவத்தில் வரும் நொதியியலின் முதல் பாடம் கையில் இருக்கும்.

நம் மலைக்கும் இந்தத் துறைக்கும் உள்ள உறவு தேயிலையோடு நிற்கவில்லை. குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இல் வந்தது. 1918இல் அதன் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். அது ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மெக்காரிசன் இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் உண்ட எலிகள் செழித்தன, தீட்டிய அரிசியை நம்பிய நம் மாகாணத்து உணவை உண்டவை பின்தங்கின. அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டு காலத்தில் அரிசியைப் பற்றி விரிவான வேலை நடந்தது. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும்போது தவிட்டிலுள்ள தயமின் (வைட்டமின் பி1) அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால்தான் புழுங்கல் அரிசி சாப்பிட்ட பகுதிகளில் பெரிபெரி குறைவு. தயமின் இல்லாவிட்டால் பைருவேட் மேலே நகராது என்று நீங்கள் பாடத்தில் படிக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்குப் பின்னால் குன்னூரின் ஓர் அறையும் இருக்கிறது. சிறு வயதில் அந்தச் சாலையில் பல நூறு முறை நடந்திருக்கிறேன், யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இனி, எங்கே சேர்வது. தரவரிசைப் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். துறைக்கு நேரில் போங்கள். போக முடியாவிட்டால் அங்கே இறுதியாண்டு படிக்கும் ஒருவரின் எண்ணை வாங்கிப் பேசுங்கள். ஆய்வுத் திட்டம் ஆறு மாதம் முழுசாக உண்டா, இல்லை ஐந்து பேர் சேர்ந்து ஒரே திட்டமா? செய்முறை வகுப்பில் நுண்ணிய அளவு திரவம் எடுக்கும் மைக்ரோபிப்பெட் உங்கள் கையில் வருமா, ஆசிரியர் செய்து காட்ட முப்பது பேர் சுற்றி நின்று பார்ப்பீர்களா? மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி இருக்கிறதா, மின்சாரம் போனால் அது தாங்குமா? நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? கடைசி ஐந்து ஆண்டுகளில் அவர்கள் என்ன கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கான விடையை பப்மெட் தளத்தில் பெயரைப் போட்டு நீங்களே பார்த்துவிடலாம், காசு இல்லை.

கைப்பழக்கத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன் ஊட்டியில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் அமைக்க உதவினேன். பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளில் விதைக்காத கிருமிகள் வந்துகொண்டே இருந்தன. கிருமி வளர்க்கும் ஊடகத்தைப் புதிதாக வாங்கினோம், மேசையைத் துடைத்தோம், மறுபடியும் வந்தன. அங்கிருந்த மாணவி ஒருத்தியின் கைச்சுத்தம் போதவில்லை என்று நானே சொல்லிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவள்தான் நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன் (ஆட்டோகிளேவ்) முன்னால் நின்று கேட்டாள்: "சார், இந்த முள் காட்டுகிற 15 பவுண்டு எதற்கு மேலே 15?"

முழு விஷயமும் அதில்தான் இருந்தது. அந்த முள் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே எவ்வளவு என்பதை. கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.7 பவுண்டு, அதோடு 15 சேர்ந்தால் நீராவி 121 டிகிரிக்குப் போகும், அதில் கிருமியின் வித்துகளும் சாகும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் வெளிக்காற்று 11 பவுண்டுக்குச் சற்று மேல்தான். முள் அதே 15இல் நின்றாலும் உள்ளே வெப்பம் 117 டிகிரிக்கு மேல் போயிருக்காது. முள்ளை 18, 18.5 வரை ஏற்றினோம். அந்தக் கலனுக்கு அது பாதுகாப்பான அழுத்தம்தானா என்று முதலில் உறுதி செய்துகொண்டோம். தட்டுகள் சுத்தமாக வந்தன. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் இப்போது பிஎச்.டி. செய்கிறாள்.

இதே போல, புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லில் மாதிரியை ஏற்றும் முன் 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வையுங்கள் என்று செய்முறைக் குறிப்பில் இருக்கும். ஊட்டியில் தண்ணீர் கொதிப்பதே 92, 93 டிகிரியில். கொதிநீர்க் குளியலில் 95 வரவே வராது, உலோகக் கட்டைச் சூடாக்கிதான் வேண்டும். ஊட்டியில் நான் பி.எஸ்சி. படித்த டிசம்பரில் மாவுச்சத்தைச் சிதைக்கும் உமிழ்நீர் நொதியான அமைலேஸின் சோதனை மணி அடிக்கும்வரை முடியாது, அயோடின் நீலம் மறையவே மறையாது. எங்கள் ஆசிரியை வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அதில் சோதனைக் குழாய்களை நிற்கவைப்பார். கண் முன்னால் நீலம் பழுப்பாகி மறையும். அன்றைக்குத்தான் நொதிக்கு வெப்பநிலை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. மலைப்பள்ளியில் படித்தவள் என்று உங்களைக் குறைத்துச் சொல்கிறீர்களே, சோறு வேக நேரமாகும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் வீட்டிலேயே கிடைக்கின்றன. சமவெளியில் படித்தவருக்கு 121 என்பது மனப்பாடம் செய்த ஓர் எண்.

தேர்வுகளுக்கு வருகிறேன். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும், ஆனால் முறை பெரிதாக மாறுவதில்லை. எம்.எஸ்சி.க்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியாகச் சேர்க்கை நடத்துகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன், அண்ணாமலை ஆகியவற்றின் துறைகளைப் பாருங்கள். வேதியியல் பட்டதாரியை உயிர்வேதியியலில் சேர்ப்பார்கள், ஆனால் துணைப்பாடம் என்ன என்று கேட்பார்கள், அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு, அதாவது புதுச்சேரி, திருவாரூர், ஹைதராபாத் போன்றவற்றுக்கு, க்யூட் முதுநிலைத் தேர்வு. மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை உதவித்தொகையோடு நடத்தும் படிப்புகளுக்கு காட்-பி தேர்வு. ஐ.ஐ.டி.க்களுக்கு ஜாம் தேர்வு, செப்டம்பரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் ஜாம் மதிப்பெண்தான் வாசல். அங்கே உயிர்வேதியியல் துறை 1921இல் தொடங்கியது. நீங்கள் வேதியியல் மாணவி என்பதால் ஜாம் வேதியியல் தாளை எழுதுங்கள், புதிதாக உயிரியல் தாளுக்குத் தாவ வேண்டாம்.

பிஎச்.டி.க்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு பெரிய வாசல். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். உயிர் அறிவியல் தாளில் மூன்று பகுதிகள், 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். மூன்றாம் பகுதியில் 75 கேள்விகளில் 25ஐ மட்டும் தேர்ந்து எழுதினால் போதும், கேள்விக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்குக் கழிவு உண்டு. பயிற்சி மையங்கள் முதல் இரண்டு பகுதிகளுக்குத்தான் உதவும். மூன்றாம் பகுதியில் ஒரு சோதனையின் முடிவைக் கொடுத்து, இதிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம், எதற்கு வரக்கூடாது என்று கேட்பார்கள். ஆறு மாதம் உண்மையான ஆய்வுத் திட்டம் செய்தவருக்கு அது பழகிய பேச்சு. கேட் தேர்வில் உயிர் அறிவியல் தாளை எடுத்தால் வேதியியல் கட்டாயப் பகுதி, அதுவும் உங்களுக்குச் சாதகம். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கு ஜெகீபில்ஸ் என்ற தனித் தேர்வு உண்டு.

பணம். பிஎச்.டி. என்றால் ஐந்தாறு வருடம் வீட்டுக் காசில் இருப்பது என்று உங்கள் வீட்டில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2023 ஜனவரி முதல், நெட் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள் கழித்து முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 750 பேருக்குத் தேசிய உதவித்தொகை இருக்கிறது. இதைத் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளிடம் தயவுசெய்து சொல்லுங்கள், அவர்களுக்குச் செய்தியே போவதில்லை. ஆனால் ஒன்று, உதவித்தொகை மாதா மாதம் ஒழுங்காக வந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். எனக்கு ஒரு சமயம் ஐந்து மாதம் வரவில்லை. பிறகு மொத்தமாக வந்தது. அந்த ஐந்து மாதமும் அறைத்தோழர்தான் சோறு போட்டார். முதல் ஆண்டிலேயே மூன்று மாதச் செலவை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

நெறியாளர் தேர்வைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. பெரிய நிறுவனத்தில் மோசமான நெறியாளரைவிடச் சிறிய பல்கலைக்கழகத்தில் நல்ல நெறியாளர் நூறு மடங்கு மேல். சேரும் முன் அந்தக் கூடத்தில் இப்போது இருக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். அதைவிட முக்கியமாக, நடுவில் விட்டுப் போனவர்களைத் தேடிப் பேசுங்கள். சராசரியாக எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள்? ஆய்வுக் கட்டுரைகளில் முதல் ஆசிரியராக மாணவர் பெயர் வருகிறதா? ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் முகம் மாறுமா? ஒரு பெண் தனியாக இரவு பத்து மணிக்குக் கூடத்திலிருந்து விடுதிக்கு எப்படிப் போகிறாள்? இவை கேட்கக் கூடாத கேள்விகள் இல்லை. பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சேராதீர்கள்.

வெளிநாட்டைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள் என்று நினைத்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் நல்ல உயிர்வேதியியல் பிஎச்.டி. இடங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, அவர்களே மாத உதவித்தொகை கொடுக்கிறார்கள். கட்டணம் கேட்கும் பிஎச்.டி.யில் சேராதீர்கள். பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் விண்ணப்பங்கள் முடியும். ஜெர்மனியில் முதுநிலைப் பட்டம் முடித்தபின், வேலை ஒப்பந்தத்தோடு சம்பளத்துக்குச் சேரலாம். இரண்டுக்கும் பரிந்துரைக் கடிதங்களும் ஒரு நோக்கக் கட்டுரையும் வேண்டும். "சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்கும் கட்டுரைகளை நான் கட்டுக் கட்டாகப் படித்திருக்கிறேன். தோற்றுப்போன ஒரு சோதனையை எழுதுங்கள். ஏன் தோற்றது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை எழுதுங்கள். படிப்பவர் அங்கே நிமிர்ந்து உட்காருவார்.

பெரியப்பாவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். எம்.எஸ்சி. மட்டும் முடித்து வேலைக்குப் போனால் தொடக்கச் சம்பளம் குறைவு. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் தடுப்பூசி, உயிர்மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள், நோயறிகூடங்கள், ஒப்பந்த ஆய்வு நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன; கருவியைத் தானே இயக்கத் தெரிந்தவருக்கு முதலில் கிடைக்கும். கல்லூரி ஆசிரியர் ஆக நெட், மாநிலத் தகுதித் தேர்வான செட் அல்லது பிஎச்.டி. வேண்டும், நிரந்தர இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். பள்ளி ஆசிரியர் வேலையையும் மனத்தில் வைத்திருந்தால், நீங்கள் சேரும் பட்டம் எந்தப் பாடத்துக்கு இணையாகக் கருதப்படுகிறது என்ற அரசாணையைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். பின்னால் அதற்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். சீக்கிரம் சம்பாதித்தாக வேண்டிய நிலை வீட்டில் இருக்கிறது என்றால், எம்.எஸ்சி. முடித்து இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் பிஎச்.டி.க்குப் போவதில் எந்த இழுக்கும் இல்லை. உதவித்தொகைக்கான வயது வரம்பை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்வழி. முதல் பருவம் கஷ்டமாகத்தான் இருக்கும், மறைக்கவில்லை. பாடம் புரியாமல் போகாது. வகுப்பில் கேள்வி கேட்க வாய் எழாது, அதுதான் சிக்கல். நான் செய்தது இது. ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்தால் முன்னுரையைப் படிக்காமல் படங்களை முதலில் பார்ப்பேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, இந்தச் சோதனை என்ன கேட்கிறது, என்ன விடை வந்தது என்று தமிழில் இரண்டு வரி எழுதுவேன். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம். எழுதிய பிறகு ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பேன். இன்றும் கடினமான கட்டுரை என்றால் அப்படித்தான் படிக்கிறேன். நொதி என்று நினைத்தாலும் என்சைம் என்று நினைத்தாலும் அது செய்யும் வேலை மாறுவதில்லை.

அரிவாள் செல் நோயைப் பற்றி வேலை செய்ய விரும்புவதாகக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதற்காக மகிழ்கிறேன். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம் 2047க்குள் இந்த நோயை ஒழிப்பதை இலக்காக வைத்து, 40 வயதுவரை உள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டிருக்கிறது. சோதனையின் முதல் படி எளியது. சோடியம் டைதயோனைட் கலந்த கரைசலில் சில துளி இரத்தம் விட்டு, குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட தாளைப் பிடிப்பார்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. கலங்கிக் கோடு மறைந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது. பண்பைச் சுமப்பவரா, நோயாளியா என்று அது சொல்லாது, அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் மின்பிரிகை அல்லது எச்.பி.எல்.சி. சோதனை வேண்டும். பண்பைச் சுமக்கும் இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.

அந்தக் குழாயைப் பிடிக்கும் கை யாருடையது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இத்தனை ஆண்டுகளாக வெளியிலிருந்து பலர் வந்து பழங்குடி ஊர்களில் இரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவு என்ன என்று அந்த ஊருக்குத் திரும்பி வந்து சொன்னவர்கள் குறைவு. கல்யாணப் பேச்சில் ஒரு பெண்ணை ஒதுக்க அந்தச் சோதனை முடிவுச் சீட்டு பயன்படுமோ என்ற பயம் அங்கே உண்மையானது. நீங்கள் இதில் இறங்கினால் சம்மதத்தை அவர்கள் பேசும் மொழியில் கேளுங்கள். முடிவை எடுத்துக்கொண்டு நீங்களே திரும்பிப் போங்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் பழங்குடி மக்களோடு பல்லாண்டுகளாக மருத்துவ வேலை செய்யும் அமைப்புகள் இருக்கின்றன. பட்டம் வாங்கும்வரை காத்திருக்காமல் விடுமுறையில் ஒரு மாதம் அவர்களோடு இருந்து பாருங்கள்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று. நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு வழக்கமாக நவம்பர் இறுதிக்குள் விண்ணப்பம் முடியும். இரண்டு மாதம், நல்ல ஓர் ஆய்வுக்கூடத்தில், பயணச் செலவும் உதவித்தொகையும் தருவார்கள். அதற்கு ஒரு பக்கத்தில் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று எழுத வேண்டும். தொழிற்சாலையில் அந்த மனிதர் இலையை முகர்ந்து சொன்னதை வைத்து, குளிரில் நேரம் எப்படி மாறுகிறது என்பதை வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள், ஆங்கிலத்தில் சேர்ந்து மாற்றிக்கொள்ளலாம்.